பதினான்காம் இலக்க மரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சிக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ட்ரோனை எப்படிப் பறக்கவிடுவது, லேசர் புள்ளிகளைக் கணினியில் எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த மென்பொருள்களின் பெயர்கள்கூட என் வாயில் ஒழுங்காக நுழைவதில்லை. ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் பயமும் வரும்.

நான் பருத்தித்துறைக்காரி. இருபத்தாறு வயதில் நில அளவை உதவியாளராகக் கேகாலைக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் மாற்றம் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது என்றுதான் வந்தேன். முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். முதல் இருபது வருடமும் மரத்தின் உயரத்தை அளப்பது என்றால், மரத்திலிருந்து தள்ளி நின்று, கையிலுள்ள கருவியால் நுனியைக் குறிபார்த்து, கோணத்தைக் கணக்குப் பண்ணுவதுதான். சபரகமுவ மலைகளில் காலை பத்து மணிவரை நுனியே தெரியாது, பனிமூட்டம். பத்து மணிக்குப் பிறகு தெரிவது எந்த மரத்தின் நுனி என்று நான்கு பேர் நின்று சண்டை பிடிப்போம்.

அப்படி இருந்தவர்களுக்கு லேசர் பொருத்திய ட்ரோன் வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மலைச்சரிவு முழுவதையும் அரைமணி நேரத்தில் பறந்து முடித்து, அன்று மாலையே அந்தக் காட்டைக் கணினித் திரையில் கோடிக்கணக்கான நிறப்புள்ளிகளாக நிறுத்திக் காட்டினான் நுவன். அவன்தான் எங்கள் பிரிவின் ட்ரோன் ஓட்டி. ரம்புக்கனைப் பொடியன், தமிழை என்னிடம்தான் பழகினான். அதனால் தோட்டத்துச் சனத்தோடு அவன் யாழ்ப்பாணத் தமிழில் "ஓம், ஓம்" என்று கதைப்பான். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் காட்டைத் திரையில் முதன்முதலில் பார்த்தபோது நான் எழும்பி நின்று கைதட்டினேன். நாற்பத்தெட்டு வயதுப் பெண் கந்தோரில் கைதட்டினால் எப்படி இருக்கும்! அடுத்த அறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோசம்தான் என்னைப் பிழைவிட வைத்தது என்று சொன்னால் அது சாட்டாகிவிடும். இருந்தாலும் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அரநாயக்கப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். சரிவின் அடியில், தொழிலாளரின் பதினான்கு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிநிற்கும் ஒரு லயம். லயத்துக்கு மேலே, சரிவில், எவரும் நட்டுப் பராமரிக்காமல் தானாகவே வளர்ந்த அல்பீசியா மரங்கள். அல்பீசியா கடகடவென்று வளரும், வளர்ந்த வேகத்திலேயே முறியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்றில் பெரிய கொப்பு ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் விழுந்திருந்தது. லயத்துச் சனம் எல்லாம் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரம். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லா மரத்தையும் வெட்டிவிடலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்தை நடத்தும் துரையும் அதைத்தான் முதலில் கேட்டார். வெட்டினால் அந்த மண்ணை எது பிடித்து வைத்திருக்கும்? மழை என்றால் அந்தப் பக்கத்துச் சனம் முதலில் திரும்பிப் பார்ப்பது மலையைத்தான். ஆகவே எந்த மரம் விழுந்தால் கூரையைத் தொடுமோ அந்த மரத்தை மட்டும் வெட்ட அனுமதி கிடைத்தது. மரத்தின் உயரம், மரத்திலிருந்து வீடுவரையுள்ள தூரம், இந்த இரண்டையும் அளந்து ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் என் கையெழுத்து இருக்க வேண்டும். அதுதான் வேலை.

பறக்கவிட்ட அன்று லயத்தில் திருவிழா மாதிரி. றப்பர் பால்வெட்டு முடித்து வந்த பெண்கள் வாளிகளைக்கூட இறக்கி வைக்காமல் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கோழிகள் பருந்து என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் ஓடின. லயத்தின் கடைசி வீட்டுக்காரி செல்வமேரி என் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும், தோட்டத்தில் அதிகம் பால் எடுப்பவர்களில் ஒருத்தி. நுவனோடு சிங்களத்திலும் என்னோடு தமிழிலும் மாறி மாறிக் கேள்வி கேட்டாள்.

"இது மேல இருந்து என்னத்தங்க பாக்குது? மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே பச்சையாத்தானே தெரியும்?"

"வெளிச்சத்தை அனுப்புது, செல்வமேரி. கொஞ்சம் இலையில பட்டுத் திரும்பும். கொஞ்சம் இடுக்குகளுக்குள்ளால போய் நிலத்தில பட்டுத் திரும்பும். எது எவ்வளவு நேரத்தில திரும்புது எண்டு பாத்து உயரத்தைக் கணக்குப் போடும்."

"அப்ப எலைக்குக் கீழ யாரு நிக்கிறாங்கன்னு தெரியுமா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

"அப்ப கங்காணி எங்க நிக்கிறாருன்னு பாத்துச் சொல்லுங்க மிஸ். நாங்க செத்த ஒக்காரணும்."

கங்காணி அவளுக்குப் பின்னால்தான் நின்றார். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ட்ரோன் இறங்கிய பிறகு, முக்காலியில் வைக்கும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குக் கீழே நடக்க வேண்டும். அன்று இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நின்றபோது நான்கு மணி. சரிவெல்லாம் சேறு, புதரெல்லாம் அட்டை. நுவன் ஸ்கேனர் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஸ், மேலே போவமோ?" என்று கேட்டான்.

நான் வேண்டாம் என்றேன். மேலிருந்து எடுத்த புள்ளிகள் நன்றாக அடர்த்தியாக இருக்கின்றன, அது போதும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் என் முழங்கால். இன்னொரு காரணம், என் தங்கச்சியின் மகளுக்கு அடுத்த கிழமை கலியாணம். பட்டியலைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும்.

கந்தோரில் இரண்டு நாள் இருந்து பட்டியல் செய்தேன். இருபத்துமூன்று மரங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், இருக்கும் இடம், உயரம், வீட்டுக்குள்ள தூரம். பார்க்க அழகான பட்டியல். கையெழுத்து வைத்தேன். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் ஜிபிஎஸ் கருவியோடு போய், ஒவ்வோர் இடத்திலும் நின்ற மரத்தில் சிவப்புக் குறி போட்டு இலக்கம் எழுதினார்கள். பட்டியலின் பிரதி ஒன்று பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்கள் கூடும் இடத்தில், பலகையில் ஒட்டப்பட்டது.

வெட்டு தொடங்கும் நாள் காலையில் நுவன் என்னை வேனில் ரம்புக்கனை ஸ்டேசனுக்குக் கொண்டுவந்து விட்டான். பொல்காவலையில் மாறி யாழ்ப்பாண ரயிலைப் பிடிக்க வேண்டும். கையில் ஒரு பெட்டி, மற்றக் கையில் மணப்பெண்ணுக்கு நான் வாங்கிய சேலை. மேடையில் நிற்கும்போது கைபேசி அடித்தது. செல்வமேரி.

"மிஸ், எங்க லயத்துப் பலா மரத்துல செவப்புக் குறி போட்டிருக்கீங்க. மரம் அறுக்குற வாளு ஆளுங்க வந்துட்டாங்க."

"பட்டியலில இருந்தா வெட்டத்தான் வேணும், செல்வமேரி. கூரைக்கு ஆபத்தெண்டபடியால்தான் போட்டிருக்கிறம்."

"பலகையில பாத்தேன் மிஸ். பதினாலாம் நம்பர். நாப்பது மீட்டர்னு போட்டிருக்கு."

"ஓம். மெஷின் அளந்தது."

"அந்த மரத்துல நாந்தாங்க ஏறிக் காய் வெட்டுறேன். நாப்பது மீட்டர் ஏறி எறங்குறவ மாதிரியா இருக்கேன் நானு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ரயில் மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. லேசர் சென்டிமீற்றர் கணக்கில் பிழைவிடலாம், இருபது மீற்றர் பிழைவிடாது என்று சொல்லத்தான் வந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினான்காம் இலக்கம் பலா மரம் என்பது எனக்குத் தெரியாது. என்ன மரம் என்றே தெரியாத மரத்தை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

"செல்வமேரி, நான் வாறன். அதுவரைக்கும் மரத்தில ஒருத்தரும் கை வைக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ."

"அதுக்குத்தான் நாங்க ஒக்காந்திருக்கோம் மிஸ்," என்றாள்.

ரயில் என்னை விட்டுவிட்டுப் போனது. வெளியே ஓடினேன். நுவன் ஸ்டேசனுக்கு எதிர்க்கடையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி ரோல்ஸை வாயில் வைத்தபடியே வேனை எடுத்தான்.

வழியெல்லாம் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பதினான்காம் இலக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளிகள் சரி. நுனி சரி. உயரம் சரி. எங்கே பிழை என்று எனக்கு விளங்கவே இல்லை.

லயத்தில் நான் கண்ட காட்சியை மறக்க மாட்டேன். பலா மரத்தைச் சுற்றி ஒன்பது பெண்கள் பால்வெட்டுக் கத்திகளோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாள் ஆட்கள் ஆறு பேரும் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேத்தண்ணியைப் போட்டுக் கொடுத்ததும் அதே பெண்கள்தான். மரத்துக்குக் காவலும் வேண்டும், வந்தவர்களுக்கு உபசாரமும் வேண்டும்.

துரை மட்டும் உட்காரவில்லை. நல்ல மனுசன்தான். அவருக்கும் மேலிடத்து நெருக்கடி.

"மிஸ், லிஸ்ட் சரியா, பிழையா? ஒண்ணு சொல்லுங்க. இந்த ஆளுங்களும் கயிறும் நாளைக்குப் பொழுதுபட வரைக்குந்தான் நமக்கு. அப்புறம் மழை தொடங்கிரும். இந்த ஒரு மரத்த மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டச் சொல்லவா?"

சுகமான வழி அதுதான். ஒரு மரத்தை விட்டுவிட்டால் பெண்கள் எழும்பிப் போவார்கள், துரைக்கு நேரம் மிச்சம், நான் மத்தியான ரயிலைப் பிடிக்கலாம். இருபத்துமூன்றில் ஒன்றுதானே.

எனக்கு முதல் மூன்று வருடமும் மேலதிகாரியாக இருந்தவர் ஒருவரை அந்த நேரத்தில் நினைத்தேன். கோபக்காரர். ஒருமுறை, நாள் முழுக்கச் சங்கிலி இழுத்து அளந்த ஓர் எல்லைக்கோடு கடைசியில் ஒரு முழம் பொருந்தாமல் போனது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக நின்ற எங்கள் எல்லோருக்கும் முன்னால், "வாசிப்பை எழுதினது நான். பிழை என்ர. எந்த இடத்தில எண்டு தெரியேல்ல. நாளைக்கு முதல்ல இருந்து அளப்பம்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. பசிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

நானும் அப்படியே சொல்லிப் பார்த்தேன். "பிழை என்ர. மரங்களுக்குக் கீழ நான் நடக்கேல்ல. என்ன பிழையெண்டு இன்னும் தெரியாது. அது தெரியாமல் மற்ற இருபத்திரண்டும் சரியெண்டு என்னால சொல்ல ஏலாது. இண்டைக்குப் பொழுதுபட எல்லாத்தையும் நடந்து பாத்திட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒண்டையும் வெட்டவேண்டாம்."

அவரைப் போல எனக்கு வரவில்லை. துரை மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி," என்றார். "அஞ்சு மணி."

செல்வமேரி எழும்பிச் சேலையைச் செருகினாள். "நான் வழி காட்டுறேன் மிஸ். உங்க காலுக்குச் சவுக்காரம் போட்டுத் தர்றேன், அட்டை ஏறாது." போட்டுத்தான் தந்தாள். ஆனாலும் ஏறியது.

முதலில் பலா மரத்தடிக்கே போனோம். அந்த மரம் பதினான்கு மீற்றர் இருக்கும், மிஞ்சினால் பதினைந்து. நல்ல உருண்டைத் தலை, பெரிய கரும்பச்சை இலைகள், தண்டோடு ஒட்டிக்கொண்டு பிஞ்சும் காயும். நான் அண்ணாந்து பார்த்தேன். பலா இலைகளின் இடுக்கால் வானம் தெரிந்தது. அந்த வானத்தில், எங்கோ உயரத்தில், பூப்போல மெல்லிய சின்னச் சின்ன இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

நுவனும் பார்த்துவிட்டான். "மிஸ்!" என்று கத்தினான். "இது இந்த மரத்தின்ர தலை இல்லை!"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன இலைகளில் தொடங்கி, கொப்பு, தண்டு என்று கண்ணைக் கீழே கொண்டுவந்தேன். தண்டு நேரே கீழே வரவில்லை. சரிவை நோக்கிச் சாய்ந்து, மேலே, புதருக்குள் போனது. செல்வமேரி முன்னால் கத்தியால் வெட்டிக்கொண்டு ஏற, நாங்கள் பின்னால் போனோம். பலா மரத்திலிருந்து பத்து மீற்றர் மேலே அதன் அடி. பெரிய அல்பீசியா. இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதில் எந்தக் குறியும் இல்லை.

இப்போது விளங்கியிருக்கும். மென்பொருள் மேலே நுனியைக் கண்டது. நுனிக்கு நேர் கீழேதான் மரத்தின் அடி இருக்கும் என்று நினைத்து ஒரு கோட்டை இறக்கியது. கோடு போய்ப் பலா மரத்தில் நின்றது. அல்பீசியாவின் உயரத்தைப் பலா மரத்தின் பெயரில் எழுதிவிட்டது. மெஷின் பொய் சொல்லவில்லை. நுனி எங்கே என்று கேட்டோம், சொன்னது. அடி எங்கே என்பதை நடந்து பார்க்கவேண்டியவள் நான்.

நுவன் அடியின் மேற்பக்கத்தில் குந்தியிருந்து, "மிஸ், இஞ்ச வாருங்கோ," என்றான். இந்த முறை மெதுவாகச் சொன்னான். மேற்பக்கத்து வேர் மண்ணை விட்டுக் கிளம்பியிருந்தது. மண்ணில் ஒரு வெடிப்பு. என் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது.

செல்வமேரி அந்த வெடிப்பைப் பார்த்தாள். திரும்பிக் கீழே பார்த்தாள். அந்த மரம் விழுந்தால் போகும் வழியில் முதலில் பலா மரம், அதற்கப்பால் அவளுடைய வீடு.

"பலா மரத்த வெட்டியிருந்தா, நடுவுல ஒண்ணுமே இருந்திருக்காதுங்களே மிஸ்," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஸ்கேனரை முக்காலியில் ஏற்றி, மற்ற இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சேற்றில் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை நுவனும் என்னோடு விழுந்தான், ஸ்கேனரை மட்டும் குழந்தையைப் போல மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. இருபத்திரண்டும் சரியாக இருந்தன. நாலே முக்காலுக்குத் துரையிடம் திருத்திய பட்டியலைக் கொடுத்தேன். பலா நீக்கம். அதே இலக்கத்தில் அல்பீசியா, உயரம் முப்பத்தேழு மீற்றர்; முன்பு தாழ்வான பலா மரத்தடியிலிருந்து எண்ணியதால்தான் நாற்பது என்று வந்திருந்தது. முதலில் வெட்ட வேண்டியதும் அதுதான் என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

துரை வெடிப்பைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் அன்றிரவே கடைசி ஐந்து வீட்டுக்காரரையும், தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் படுக்கச் சொன்னார். பிறகு எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தாள். "அக்கா, உனக்கு மரம் முக்கியமோ, கலியாணம் முக்கியமோ?"

"மரம் நாளைக்கு. கலியாணம் நாளையிண்டைக்கு. ரெண்டுக்கும் நேரம் கிடக்கு," என்றேன். அவள் என்னோடு பேசாமல் வைத்துவிட்டாள். ஆனால் நான் கலியாணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு ரயிலில் போய், நேரே மண்டபத்தில் இறங்கினேன். கலியாணப் படங்களில் காலைச் சொறிந்துகொண்டு நிற்கும் பெரியம்மா நான்தான்.

மரத்துக்கு வருவோம். சாய்ந்து நிற்கும் மரத்தை அடியில் வெட்ட முடியாது. வெட்டினால் நாம் பயந்த காரியத்தை நாமே செய்ததாகிவிடும். ஏறிப்போய், நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அந்த வாள் ஆட்களின் குழுவில் சுமணே என்று ஓர் ஆள். கித்துல்கலப் பக்கத்தில் பனை போன்ற கித்துல் மரங்களில் ஏறிப் பாணிக்குச் சாறு இறக்குகிறவர். மெலிந்த உடம்பு, பேச்சுக் கிடையாது. மரத்தடியில் போய்த் தண்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வெடிப்பைப் பார்த்தார். அந்த மரத்தில் ஏற மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு மேலே நின்ற இரண்டு உறுதியான மரங்களைக் காட்டி, இந்த அல்பீசியாவை முதலில் அவற்றோடு கட்டு, பிறகு ஏறுகிறேன் என்றார். அதுவும் ஒரு தீர்ப்புத்தான், பிள்ளைகளே. ஏறத் தெரிந்தவர் ஏற மாட்டேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி முடிய மறுநாள் காலை பத்து மணி. லயத்துச் சனம் எல்லோரையும் பிள்ளைக் காம்பராவில் இருத்தியிருந்தோம். வெளியே வாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பார்த்த நுவன் யன்னல்களைச் சாத்தி, வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, ப்ரொஜெக்டரைப் போட்டான். துணியில் அந்த மலை முழுவதும் நிறப்புள்ளிகளாக எழுந்து நின்றது.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தி, "ஐயோ, அது நம்ம லயம்டி!" என்றாள்.

அவ்வளவுதான். எல்லோரும் துணிக்குக் கிட்டப் போய்விட்டார்கள். "இது எங்க கூரை." "இந்தக் கோடு என்னாங்க?" "அது ஒன் சீலைடி, காயப்போட்டது." "கோயில் சிலுவை கூடத் தெரியுது பாரு." முற்றத்தில் ஆட்களின் உருவங்கள் சின்னச் சின்னத் தூண்கள் மாதிரி நின்றன. அவற்றில் யார் யார் என்று வாக்குவாதம் வந்தது. இடுப்பில் கைவைத்து நிற்பது செல்வமேரிதான் என்று ஏகமனதாக முடிவானது. வாள் சத்தத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எத்தனையோ அறிக்கைகளை எத்தனையோ மேசைகளில் வைத்திருக்கிறேன். அளந்ததை, அளக்கப்பட்ட இடத்தில் இருக்கிறவர்களுக்கே காட்டியது அதுதான் முதல் தடவை. நீங்கள் முதல் வேலையிலேயே அதைச் செய்யுங்கள்.

மூன்று மணிக்குக் கடைசித் துண்டு இறங்கியது. மற்ற மரங்களை வெட்ட ஆட்களை இன்னும் சில நாள் வைத்திருக்கத் துரை மேலிடத்தில் அனுமதி வாங்கியிருந்தார். பலா மரத்துக்கு ஒரேயொரு கொப்பு மட்டும் சேதம். சுமணே கீழே வந்து, கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, பெண்கள் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி முதன்முறையாகச் சிரித்தார்.

துண்டுகளை வரிசையாக அடுக்கி எல்லோருக்கும் முன்னால் நாடாவால் அளந்தோம். முப்பத்தேழு மீற்றருக்கு இருபது சென்டிமீற்றர் கூட. நுவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான். துரையும் கைதட்டினார்.

"இது விழுந்திருந்தா எது வரைக்கும் வந்திருக்கும் மிஸ்?" என்று செல்வமேரி கேட்டாள்.

கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாடா கையில் இருந்தது. நான் மேலே அடிக்கட்டையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மற்ற நுனியை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பலா மரத்தை ஒட்டிப் போனாள். முற்றத்தைத் தாண்டினாள். தன் வீட்டுப் பின்சுவருக்கு வந்து நின்றாள். முப்பத்துநான்கு.

"இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு. இன்னும் மூண்டு மீற்றர்."

பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நாடா மட்டும் கதவு இடுக்கால் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"மிஸ்," உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அடுப்புங்க."

அவள் தினமும் காலை நாலு மணிக்கு அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்கிறவள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். துரை தொப்பியைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. "நாடாவ விட்றாதீங்க மிஸ், புடிச்சுக்கங்க. சுமணே அண்ணே வெட்டினப்ப முறிஞ்ச பலாக்கொப்புல நாலு காய் கெடக்கு. யாராச்சும் எடுத்தாங்க. அடுப்பு இருக்குதுல்ல, ஆக்கிரலாம்."

முதலில் சிரித்தது துரைதான். பிறகு லயமே சிரித்தது. நான் மேலே அடிக்கட்டையில் உட்கார்ந்து, நாடாவின் நுனியைக் கையில் பிடித்தபடியே, அழுதுகொண்டு சிரித்தேன். அன்று மத்தியானச் சாப்பாடு எங்களுக்கு ஐந்து மணிக்குத்தான் கிடைத்தது. சோறும் பலாக்காய்க் கறியும். நுவன் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான்.